தடுக்க யாரும் இல்லாதபோது வருகிற வெறுமை: சார்த்தர் சொன்ன சுதந்திரம் இதுதானா?

மொட்டுச்சந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரை மாட்டுத்தாவணி மலர்ச்சந்தையில் என் தந்தை நடத்திவந்த மல்லிகைக் கமிஷன் கடையில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் ஒன்பது ஆண்டுகள் அவருக்குத் துணையாக நின்றேன். அவர் காலமான பிறகு, இந்த இரண்டு ஆண்டுகளாக நானே கல்லாவில் உட்காருகிறேன். முதுகலையில் தத்துவம் படித்துவிட்டு, அடுத்து ஆய்வுக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பியவன் நான். "அப்பா இருக்கிற வரைக்கும் கடையை விட்டு நகர முடியாது" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த வாக்கியமே என் விலாசம்போல ஆகிவிட்டது.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வேலை இல்லை. "உனக்கு எது தோதோ அதைச் செய்யப்பா" என்று அம்மா சொல்லிவிட்டார். கடையை எடுத்துக்கொள்ளச் சித்தப்பா தயாராக இருக்கிறார். எனக்குத் திருமணம் ஆகவில்லை, கடனும் இல்லை. இருந்தும் இன்றைக்கும் அதிகாலை நாலு மணிக்குக் கடையைத் திறந்து, கிராமங்களிலிருந்து வந்து இறங்கும் ஈரப் பைகளை அவிழ்த்து மொட்டுகளைத் தராசுத் தட்டில் கொட்டுகிறேன். முகூர்த்த நாளென்றால் மணிக்கொரு விலை. மார்கழிப் பனியில் வரத்துச் சுருங்கினால் விலை எங்கேயோ போய் நிற்கும். வரத்து மிகுந்தால் மிஞ்சியது சென்ட் தொழிற்சாலைக்குப் போகும். இதில் எனக்குச் சலிப்பு என்று ஒன்றும் இல்லை. ஆனால், இரண்டு ஆண்டுகளாக நெஞ்சில் ஒரு வெற்றிடம் இருக்கிறது.

தாள் வெட்டும் கத்தியைச் செய்கிறவன், அது எதற்கு என்பதை முன்பே மனத்தில் வைத்துக்கொண்டுதான் செய்கிறான். மனிதனுக்கு அப்படி முன்கூட்டியே வகுத்த பயன் எதுவும் கிடையாது, அவன் முதலில் இருக்கிறான், பிறகே தான் யார் என்பதைத் தன் செயல்களால் ஆக்கிக்கொள்கிறான் என்று பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் சொல்வதை நான் மாணவனாக இருந்தபோது விடுதலையின் செய்தியாகப் படித்தேன். இப்போது அதே வரி என்னைப் பயமுறுத்துகிறது. விடியுமுன் பறித்த மொட்டு, விற்றாலும் விற்காவிட்டாலும் அன்று அந்திக்குள் விரிந்தே தீரும். அதற்குள்ள நிச்சயம் எனக்கு இல்லை.

என் கேள்விகள் இரண்டு. தன் சுதந்திரத்தின் வழியேதான் மனிதன் வாழ்வுக்குப் பொருள் தேடிக்கொள்கிறான் என்றால், சுதந்திரம் வந்தபின் எனக்குப் பொருள் வராமல் வெறுமை வந்தது ஏன்? இரண்டாவது, நான் கடையிலேயே இருப்பது சார்த்தரைப் போன்ற இருத்தலியலாளர்கள் சொல்லும் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளுதல்தானா? அப்படியானால் விட்டுவிட்டுக் கிளம்புவதுதான் நேர்மையா?

பழைய கரும்பலகை எழுதியது:

தம்பி, முப்பது ஆண்டுகள் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் ஒரு திருத்தம். அப்பா காலமானபோது உங்களுக்குச் சுதந்திரம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சார்த்தர் இதை ஒப்பமாட்டார். அவருடைய கணக்கில், தந்தையின் அருகில் நின்ற ஒன்பது ஆண்டுகளும் நீங்கள் சுதந்திரமானவராகத்தான் இருந்தீர்கள். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு எழுந்தது உங்கள் தேர்வு. அவர் இறந்தபோது போனது உங்கள் தடை அன்று, நீங்கள் காட்டிவந்த காரணம். இத்தனை காலம் ஒரு சுவரில் சாய்ந்து நின்றீர்கள். சுவர் போனதும் தெரிகிறது, நின்றுகொண்டிருந்தவை உங்கள் கால்கள்தாம் என்று. அந்தத் தடுமாற்றத்தைத்தான் வெறுமை என்கிறீர்கள் என நினைக்கிறேன்.

டென்மார்க் தத்துவவாதி கீர்க்கெகார்ட் 1844-ல் எழுதிய நூலில் பதற்றத்தைச் சுதந்திரத்தின் தலைச்சுற்றல் என்றார். கைப்பிடிச் சுவர் இல்லாத தோட்டத்துக் கிணற்றின் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தவர்களுக்கு அது புரியும். சார்த்தர் இதையே ஒரு படி முன்னே கொண்டுபோனார்: விழுந்துவிடுவோமோ என்பது அச்சம், குதிக்கவும் என்னால் முடியும், என்னைத் தடுக்க என்னைத் தவிர எதுவும் இல்லை என்பது பதற்றம். ஆகவே, சுதந்திரத்தை உணர்ந்தவனுக்கு முதலில் வருவது நிம்மதியாக இருக்காது என்பதில் இவர்கள் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. விடுதலை வந்தால் மகிழ்ச்சி வரும் என்பது பின்னால் வந்த ஊக்கப் பேச்சாளர்கள் சேர்த்த சரக்கு.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1943-ல் வெளிவந்த தம் பெருநூலில் சார்த்தர் ஒரு காப்பிக்கடைப் பரிமாறுநரைக் காட்டுகிறார். அவர் கொஞ்சம் கூடுதலான விறைப்போடு நடக்கிறார். கொஞ்சம் கூடுதலான அக்கறையோடு குனிகிறார். மேசை மேசையாக இருப்பதுபோலத் தானும் ஒரு பரிமாறுநராகவே இருந்துவிடப் பார்க்கிறார். இங்கே பலர் தவறிவிடுகிறார்கள். பரிமாறும் தொழிலைச் செய்வது ஏமாற்று அன்று. 'நான் இது மட்டும்தான், எனக்கு வேறு வழியே இல்லை' என்று ஒரு பொருளைப்போல இறுகிக்கொள்வதே ஏமாற்று. இதற்கு நேர்மாறான ஏமாற்று ஒன்றும் உண்டு, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தனக்கு வாய்த்த உடல், ஊர், செய்து முடித்த செயல்கள் ஆகிய எதுவும் தான் இல்லை என்று அந்தரத்தில் மிதப்பது அது. "அப்பா இருக்கிற வரைக்கும் நகர முடியாது" என்றது முதல் வகை. "நான் உண்மையில் தத்துவ ஆய்வாளன், கடையில் இருப்பது வேறு யாரோ" என்று நீங்கள் உள்ளுக்குள் சொல்லிவந்திருந்தால் அது இரண்டாம் வகை. பதினொரு ஆண்டுகள் ஒரு கட்டுரைகூட எழுதாமல் ஆய்வாளனாக இருக்க முடியாது. கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாழாத வாழ்க்கையைச் சார்த்தர் கணக்கில் வரவு வைப்பதே இல்லை.

1945 அக்டோபர் 29 அன்று பாரீசில் அவர் ஆற்றிய சொற்பொழிவில் ஒரு மாணவனைப் பற்றிச் சொன்னார். அண்ணன் 1940-ல் ஜெர்மானியத் தாக்குதலில் இறந்துவிட்டான். தாய்க்கு இந்த ஒரு மகனே ஆறுதல். இங்கிலாந்துக்குப் போய் ஜெர்மனியை எதிர்த்த பிரெஞ்சு விடுதலைப் படையில் சேர்வதா, தாயோடு இருப்பதா என்று அவன் கேட்டான். எந்த அறநூலும் அவனுக்கு விடை தராது என்பதைக் காட்டிவிட்டு, "நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு" என்றார் சார்த்தர். கைவிரித்துவிட்டார் என்று அன்றே சிலர் குறைப்பட்டார்கள். ஆனால், அதே இடத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: யாரிடம் யோசனை கேட்கப் போகிறோம் என்பதிலேயே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது. பாதிரியாரிடம் போகிறவனுக்கு அவர் என்ன சொல்வார் என்பது தெரிந்தே இருக்கும்.

இதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நம் ஊர்ப் பாண்டியன் என் நினைவுக்கு வருவான். சிலம்பைக் கண்ணகி உடைத்து மாணிக்கப்பரல் தெறித்தபோது, அவன் முன்னால் ஆயத்தமாக இரண்டு சாக்குகள் இருந்தன. ஒன்று, பொய் சொன்ன கொல்லன். மற்றொன்று, அந்தக் காப்பியமே முன்வைக்கும் ஊழ்வினை. இரண்டையும் அவன் தொடவில்லை. "பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்" என்றான். சொன்னவன் கொல்லன்தான், கேட்டவன் நானல்லவா என்ற அந்தப் பொறுப்பு, மேலே சொன்ன பாரீஸ் வாதத்துக்கு மிக அருகில் இருக்கிறது. இளங்கோ இருத்தலியலாளர் என்று நான் சொல்ல வரவில்லை. ஊழ் உருத்துவந்து ஊட்டும் என்று பாயிரத்திலேயே சொன்னவர் அவர். ஊழை முழுதாக நம்பும் ஒரு கதைக்குள்ளே ஒரு மனிதன் ஊழின்மேல் பழிபோட மறுக்கிறான் என்பதுதான் எனக்கு வியப்பு.

ஆகவே, இருப்பதா போவதா என்பது உங்கள் நேர்மையைத் தீர்மானிக்காது. இருந்தால் 'யானே வணிகன்' என்று இருக்க முடிகிறதா என்பதே கேள்வி.

உசிலை வடக்கு எழுதியது:

மன்னிக்கவும், இவையெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் கவலைகள். சொந்தக் கடையும் கடனில்லாத கையும் உள்ளவர் வெறுமையைப் பற்றி எழுதுகிறார்; அவர் கடைக்குப் பூக் கொண்டுவருகிற சம்சாரிக்கு இந்த வியாதி வருவதில்லை.

பழைய கரும்பலகை எழுதியது:

பாதி சரி. ஆனால், பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் தந்தை 1914-ல் போரில் இறந்தார். காது சரியாகக் கேளாத தாய் வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். 1957-ல் நோபல் பரிசு பெற்ற அவர், தம்மை இருத்தலியலாளர் என்று அழைப்பதை மறுத்தவர்தான். எனினும் வாழ்வுக்குப் பொருள் உண்டா என்ற கேள்வியை ஏழைக் குடியிருப்பிலிருந்துதான் எடுத்துவந்தார். சம்சாரிக்கு இந்தக் கேள்வி வருவதில்லை என்பது உங்கள் ஊகம். அவரிடம் நாம் கேட்டதில்லை என்பதே உண்மை.

நாரும்பூவும் எழுதியது:

உசிலை அண்ணன் சொன்னதில் சரியான பாதி எது என்பதை ஐயா சொல்லவில்லை. நான் சொல்லிப் பார்க்கிறேன்.

என் அம்மா பூக்கட்டி எங்களை வளர்த்தவர். காலையில் உதிரிப்பூ வீட்டுக்கு வரும். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, கால் பெருவிரலில் ஒரு முனையை மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு வைத்து ஒரு சுருக்கு இடுவார். கண் தொலைக்காட்சியில் இருக்கும். கை தன்போக்கில் போகும். பதினோரு மணிக்குள் கட்டி முடிக்காவிட்டால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அவரிடம் போய், "அம்மா, நீ ஒவ்வொரு நாளும் இதைத் தேர்ந்தெடுக்கிறாய்" என்று சொன்னால் நாரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குச் சார்த்தரின் 1943 நூலில் விடை இல்லை.

சார்த்தரின் வாழ்க்கைத் துணையும் தத்துவவாதியுமான சிமோன் த பொவ்வாரிடம் இருக்கிறது. 1940-லேயே அவர் சார்த்தரோடு இது குறித்து வாதிட்டதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்: அந்தப்புரத்தில் அடைபட்ட பெண்ணுக்கு எந்தச் சுதந்திரம் இருக்கிறது? எந்தச் சூழலையும் எதிர்கொள்ள ஒரு விதம் இருக்கலாம். ஆனால் எல்லாச் சூழலும் சமம் ஆகாது. 1947-ல் வந்த அறவியல் நூலில் அவர் இன்னும் தெளிவாகச் சொன்னார்: என் சுதந்திரத்தை நான் உண்மையாகவே விரும்பினால், பிறருடைய சுதந்திரத்தையும் விரும்பியாக வேண்டும், ஏனென்றால் மற்றவர்களின் எதிர்காலம் திறந்திருந்தால்தான் நான் தொடங்குவதை யாராவது எடுத்துச் செல்ல முடியும். பெண் பெண்ணாகப் பிறப்பதில்லை, ஆகிறாள் என்று 1949-ல் அவர் எழுதியதும் இதன் தொடர்ச்சிதான். சார்த்தரும் பின்னால் இறங்கிவந்தார். எந்தச் சூழ்நிலையிலும் மனிதன் துரோகியாவதா இல்லையா என்பதைத் தேர்ந்தெடுக்கச் சுதந்திரம் உடையவன் என்று தாம் ஒரு காலத்தில் எழுதியதைத் திரும்பப் படித்தபோது, இதையா நான் நம்பினேன் என்று திகைத்ததாக 1969-ல் ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டார். அவரிடம் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒன்று. 'இருப்பதா, போவதா' என்று உங்கள் ஒருவருடைய வாழ்க்கையை மட்டும் வைத்துக்கொண்டு எடை போடுகிறீர்கள். உங்கள் கடைப் பேரேட்டில் விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணக் கணக்கு இருக்குமே? முன்பணம் வாங்கியவர் அடைத்து முடிக்கும்வரை உங்கள் கடைக்குத்தான் பூக் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம் அல்லவா? பக்கத்துக் கடையில் விலை கூடினாலும் அவர் அங்கே போக முடியாது. உங்கள் சுதந்திரத்தைப் பற்றிய விசாரணையை அந்தப் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நடத்திப் பாருங்களேன்.

தெற்குவாசல் எழுதியது:

அனைவரும் பாரீசையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஊரில், தெற்குக் கோபுரத்துக்கு அருகே சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீட்டு மாடியில், 1896 ஜூலையில் பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. உடம்பில் நோய் இல்லை. யாரையும் கூப்பிடாமல் பிணத்தைப்போலக் கைகால்களை விறைத்துப் படுத்துக்கொண்டு, இறப்பது எது என்று விசாரித்தான். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அவர், அடுத்த மாதம் அண்ணன் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். மரணத்தின் முன் தனியாக நிற்கும்போதே மனிதன் தனக்கு உரியவனாகிறான் என்று ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் 1927-ல் எழுதியது இதற்குப் பின்னால்தான்.

ஆனால், அந்த மாடியிலிருந்து கிளம்பிய வழி வேறு. ரமணர் விட்டுச்சென்ற கடிதத்தைக் கவனியுங்கள். 'நான்' என்று தொடங்குகிறது; தகப்பனாரைத் தேடி, அவருடைய உத்தரவின்படி கிளம்பியதாகச் சொல்கிறது; அடுத்த வாக்கியத்திலேயே 'நான்' போய் 'இது' வந்துவிடுகிறது. முடிவில் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும். சார்த்தருக்கு இந்தக் கடிதம் கிடைத்திருந்தால் இரண்டு இடங்களில் அடிக்கோடிட்டிருப்பார். முதலாவது, 'உத்தரவு'. ஆபிரகாமுக்குத் தேவதையின் குரல் கேட்டபோதும், அது தேவதையின் குரல்தான் என்று முடிவுசெய்தவன் ஆபிரகாமே என்று அவர் அந்த 1945 உரையில் சொல்கிறார். இரண்டாவது, அந்தக் கோடு. கையொப்பத்தை மட்டும் மனிதன் விட முடியாது என்பதுதானே அவருடைய முழுக் கொள்கையும்.

யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கேள்வி கேட்டவர் தம் வெறுமையைத் தேர்வுகளால் நிரப்ப வேண்டிய குழி என்றே எடுத்துக்கொள்கிறார். யாருக்கு வெறுமை என்று கேட்கிற மரபு ஒன்று இதே ஊரில் நடந்து போகும் தொலைவில் இருக்கிறது என்பதை நினைவூட்டவே எழுதினேன்.

நாரும்பூவும் எழுதியது:

அழகான ஒப்பீடு ஐயா. ஆனால் 'நான்' என்று ஒருமுறைகூடக் கையெழுத்துப் போட வாய்க்காதவர்களுக்குக் கையெழுத்தைத் துறப்பது என்பது என்ன? என் அம்மா கூலி நோட்டில் இன்றும் கைநாட்டுதான் வைக்கிறார்.

மொட்டுச்சந்தை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நான்கு நாள் தாமதத்துக்கு மன்னிக்கவும், வைகாசி முகூர்த்தங்கள்.

கரும்பலகை ஐயா சொன்ன இரண்டாம் வகை ஏமாற்று என்னை நேராகத் தைத்தது. ஆய்வுக்கான முன்வரைவு என்று ஒரு தாள்கூட என்னிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெற்குவாசல் ஐயா காட்டிய மாடிக்கு நான் போயிருக்கிறேன். அங்கே எனக்கு அமைதி கிடைத்தது, கடைக்குத் திரும்பியதும் போய்விட்டது. அதில் என் குறையே அதிகம்.

ஆனால், அக்கா சொன்னபடி நேற்று இரவு பேரேட்டைத் திறந்து உட்கார்ந்தேன். முன்பணக் கணக்கில் பதினான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், அப்பா காலத்திலிருந்து வருகிற பெரியவர். போன பங்குனியில் அவர், "தம்பி, பக்கத்துக் கடையில கிலோவுக்கு நூறு ரூபா கூடத் தர்றேங்குறாங்க, இந்த ஒரு தடவை அங்க போட்டுக்கட்டுமா" என்று கேட்டார். சிட்டை எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "வழக்கம் அப்படி இல்லையே பெரியவரே" என்றேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் பையைத் தட்டில் கவிழ்த்தார்.

எனக்கு வேறு வழியில்லை என்று சொல்வதற்கு அப்பா போன பிறகு ஆள் இல்லாமல் தவித்தேன் என்று இங்கே எழுதினேன் அல்லவா? தவிக்கவே இல்லை, அவர் இருந்த இடத்தில் வழக்கத்தை உட்காரவைத்திருக்கிறேன். கடையில் இருப்பதா போவதா என்று இரண்டு ஆண்டுகள் குழம்பிய நான், இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது ஒரு நொடிகூடக் குழம்பவில்லை.

இன்று காலை அந்தப் பெரியவரிடம், கடன் கடனாக இருக்கட்டும், பூவை விலை கிடைக்கும் கடையில் போட்டுக்கொள்ளலாம், தவணையை மட்டும் மாதாமாதம் தந்தால் போதும் என்று சொன்னேன். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். முகம் வாடிவிட்டது. "ஏன் தம்பி, கடையைச் சித்தப்பாவுக்குக் குடுக்கப் போறீகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

மற்றப் பதின்மூன்று பேருக்கும் இப்படிச் செய்தால் வரத்துக் குறையும், கடை ஓராண்டு தாங்குமா என்பது தெரியவில்லை. இந்தத் தொழிலில் முன்பணத்தையும் வரத்தையும் பிரித்து நடத்துகிறவர்கள் இங்கே யாராவது இருந்தால், கணக்கை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்று எழுதுங்கள்.